குளியலறைச் சீரமைப்பு: எந்த வேலைக்கு எத்தனை நாள்

தமிழ்நாட்டு நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் 5 அடிக்கு 8 அடி அளவில் அமைந்த ஒரு குளியலறையின் டைல்ஸ், குழாய்கள், கழிப்பறைப் பீங்கான் ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பதற்கு, உடைக்கத் தொடங்கும் நாளிலிருந்து பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை ஏறத்தாழ 5 வாரங்கள் தேவைப்படுகின்றன. இவற்றில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோரின் கைவேலை நடப்பது 16 முதல் 18 நாள்கள்தாம். எஞ்சியவை பூச்சு இறுகுவதற்கும், கசிவுத் தடுப்புப் பொருள் காய்வதற்கும், தேக்கிய நீர் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதற்கும் ஒதுக்க வேண்டியவை. வேலையை 10 நாள்களில் முடித்துத் தருவதாக ஒருவர் உறுதி கூறும்போது அவர் குறைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை நாள்களைத்தான் என்பதால், எந்த நாளில் யார் வருவார் என்பதைவிட எந்த நாள்களில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பதை வீட்டுக்காரர் முன்னரே அறிந்திருப்பது மிகவும் பயன்தரும்.

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டுபசையால் புதிய டைல்ஸ் பதிக்கும் முறை ஒன்றும் உண்டு. அது ஒரு வாரம் முதல் 10 நாள்களில் முடிந்துவிடும். ஆனால் தரைமட்டம் அரை அங்குலத்துக்கு மேல் உயர்வதால் கதவின் அடிப்பகுதியைச் சீவ வேண்டிவரும். வாசல்படிக்கும் தரைக்கும் உள்ள இறக்கமும் குறையும். ஏற்கெனவே கசிவு இருக்கும் குளியலறைக்கு இம்முறை அறவே பொருந்தாது, ஏனெனில் கசிவின் மூலம் பழைய தளத்துக்கு அடியில் அப்படியே இருந்துவிடும்.

உடைப்பதற்கு முந்தைய 2 அல்லது 3 வாரங்கள்

பொருள்கள் அனைத்தையும் தேர்ந்து வாங்கி வீட்டில் வைத்த பிறகே உடைப்பைத் தொடங்க வேண்டும் என்ற விதி செலவுக்கணக்கை மட்டும் கருதி எழுந்ததன்று. வேலையின் அளவுகளே பொருள்களைச் சார்ந்திருக்கின்றன. சுவருக்குள் பதியும் டைவர்ட்டர் (வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் கருவி) முடிவுற்ற டைல்ஸ் பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அமைய வேண்டும் என்பதற்கு அதன் பிளாஸ்டிக் உறையிலேயே குறைந்த அளவும் கூடிய அளவும் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். டைல்ஸின் தடிமன் தெரியாமல் பிளம்பர் அதைப் பதித்துவிட்டால், மேல்மூடி சுவரோடு பொருந்தாமல் போய், பதித்த டைல்ஸை மீண்டும் உடைக்க நேரிடும். தரையில் நிற்கும் மேற்கத்தியக் கழிப்பறைப் பீங்கானின் கழிவுத் துளை சுவரிலிருந்து 9 அங்குலத்தில் அமைகிறதா 12 அங்குலத்தில் அமைகிறதா என்பது அதன் வகைக்கேற்ப மாறுவதால், அதுவும் குழாய் பதிக்குமுன் முடிவாகியிருக்க வேண்டும். சுவரில் தொங்கும் பீங்கானாக இருந்தால் அதன் இரும்புச் சட்டமும் உள்மறைவுத் தொட்டியும் டைல்ஸுக்கு முன்பே சுவருக்குள் செல்ல வேண்டும்.

வீட்டில் முதியவர் இருந்தால் கைப்பிடிக் கம்பிகளின் இடத்தையும் இக்கட்டத்திலேயே குறித்துவிடுவது நல்லது. எடை குறைந்த ஏ.ஏ.சி. கட்டிகளால் எழுப்பிய சுவரில் சாதாரணத் திருகாணி உறுதியாகப் பிடிக்காது என்பதால், கம்பி வரும் இடத்தில் கான்கிரீட் நிரப்பி வலுப்படுத்தும் வேலையைப் பூச்சுக்கு முன்பே செய்ய வேண்டியிருக்கும்.

மேற்சொன்ன அளவுள்ள அறையில் 7 அடி உயரம்வரை சுவர் டைல்ஸ் பதித்தால், கதவுப் பரப்பு நீங்கலாக ஏறத்தாழ 165 சதுர அடி வரும். தரை 40 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்காக 10 விழுக்காடு கூடுதலாக, ஒரே முறையில், ஒரே தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகளாக வாங்க வேண்டும். பின்னால் 4 டைல்ஸ் குறைகிறது என்று தேடினால், குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் அடுத்த சரக்கில் நிறம் சற்றே மாறியிருக்கக்கூடும். அடுக்குமாடிச் சங்கம் இயந்திர உடைப்புக்கு ஒதுக்கியுள்ள நேரம், லிஃப்டில் மூட்டை ஏற்ற அனுமதி ஆகியவற்றையும் இப்போதே கேட்டறிய வேண்டும். பல குடியிருப்புகளில் பிற்பகலில் சில மணி நேரம் உடைக்கத் தடை உண்டு என்பதால் 2 நாள் வேலை 4 நாளாக நீள்வது இயல்பு.

உடைப்பும் குழாய் வேலையும்: முதல் வாரம்

சுவர் டைல்ஸையும் பழைய பூச்சையும் செங்கல் தெரியும்வரை நீக்குவதற்கு 2 அல்லது 3 நாள்கள் போதும். தரையின் நிலை வேறு. அடுக்குமாடிகளில் குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிட ஏறத்தாழ ஓர் அடி தாழ்த்தி வார்க்கப்பட்டு, கழிவுக் குழாய்கள் அப்பள்ளத்தில் கிடத்தப்பட்டு, மேலே செங்கல் துண்டுகளால் நிரப்பப்பட்டிருக்கும். இதைச் சங்கன் ஸ்லாப் என்பர். கசிவு உள்ள வீட்டில் இந்த நிரப்பு முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். 40 சதுர அடித் தரையில் அது மட்டுமே 40 கன அடியாகி, சுவரிலிருந்து உரியும் இடிபாட்டையும் மிஞ்சிவிடும். ஈரத்தில் ஊறிய அந்தச் செங்கல் துண்டுகளைச் சாக்கில் கட்டி இறக்க மேலும் 2 நாள்கள் பிடிக்கும். ரப்பீஸ் எனப்படும் இந்த இடிபாட்டைத் தெருவோரத்தில் கொட்டாமல் அகற்றும் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், மூட்டைகள் வாகன நிறுத்துமிடத்தில் கிடந்து தகராறாகும்.

அடுத்து வருவது காடி எடுத்தல், அதாவது குழாயும் மின்கம்பிக் குழலும் மறைந்து செல்வதற்காகச் சுவரில் பள்ளம் வெட்டுதல். வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாய்களைப் பசையிட்டு இணைத்தபின் ஒரு நாள் விட்டு, எல்லா முனைகளையும் அடைத்து, கைப்பம்பினால் நீரழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் கிடைக்கும் அழுத்தம் சதுரச் செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுதான். சோதனையில் அதைப்போல் பல மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் சில மணி நேரம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதால், இணைப்பில் உள்ள சிறு குறையும் சுவரை மூடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இக்கட்டத்தில் அமைய வேண்டும். சுவரை மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பிடித்தபடி படம் எடுத்து வைத்தால், பிற்காலத்தில் துண்டுக்கம்பி பொருத்தத் துளையிடுபவர் குழாயைத் துளைத்துவிடும் ஆபத்து நீங்கும்.

பூச்சும் கசிவுத் தடுப்பும்: இரண்டாம், மூன்றாம் வாரங்கள்

கால அட்டவணையின் உயிர்நாடி இப்பகுதிதான். சிமெண்ட் வெறுமனே காய்வதால் இறுகும் பொருள் அன்று; அது நீருடன் வேதிவினை புரிந்து இறுகுவதாகையால், நீர் முன்கூட்டியே ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்று பூச்சு பொடிப்பொடியாக உதிரும். இறுகும்வரை ஈரம் காப்பதைக் கொத்தனார்கள் கியூரிங் என்பர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள்களும் ஈரம் காக்கச் சொல்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்ட் சாம்பல் கலந்த வகையைச் சேர்ந்தது. சுவர்ப் பூச்சுக்கும் ஒரு வாரமேனும் காலையும் மாலையும் நீர் தெளித்தாக வேண்டும். கத்திரி வெயிலில் நண்பகலிலும் ஒருமுறை தெளிப்பது நல்லது. ஆள் வராத நாள்களில் இதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை முன்பே தீர்மானிக்காத வீடுகளில் நீர் தெளிக்கப்படுவதே இல்லை.

கசிவுத் தடுப்புப் பூச்சு, அதாவது வாட்டர் புரூஃபிங், இதற்கு நேர்மாறான இயல்புடையது. சிமெண்ட் தூளும் பாலிமர் திரவமும் கலந்து தூரிகையால் பூசப்படும் இவ்வகைப் பூச்சுகள் பெரும்பாலும் காற்றில் காய வேண்டியவை என்பதால், கியூரிங் என்ற பழக்கத்தில் இதன் மேலும் நீர் தெளிப்பது தவறாகிவிடும். உறையில் அச்சிட்டுள்ள கால அளவையே பின்பற்ற வேண்டும். முதலில் தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக நிரப்பி, குழாய்கள் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களைச் சுற்றி அடைத்து, பின்னர் முதல் பூச்சு நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சு குறுக்குவாக்கில் இடப்படும். தரையோடு நின்றுவிடாமல் சுவரில் ஓர் அடி உயரம்வரையும், ஷவர் அடிக்கும் பகுதியில் 6 அடி வரையும் பூச்சு ஏற வேண்டும். இவ்வளவுக்கும் 2 அல்லது 3 நாள்கள். காய்வதற்கு மேலும் 3 முதல் 5 நாள்கள்.

அதன்பின் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். கழிவுத் துளைகளை அடைத்து, வாசலில் கலவையால் சிறு வரப்புக் கட்டி, 2 அங்குல உயரம்வரை நீர் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு 48 மணி நேரமாவது விட வேண்டும். அதே அறையில் ஒரு வாளியில் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துவைத்தால், ஆவியாவதால் எவ்வளவு குறைந்தது, கசிவால் எவ்வளவு குறைந்தது என்பதைப் பிரித்தறியலாம். வாளியில் 2 மில்லிமீட்டர் குறைந்து தரையில் 8 மில்லிமீட்டர் குறைந்திருந்தால் பூச்சில் எங்கோ துளை இருக்கிறது. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த இரு நாள்களிலும் கூரையையும் குழாய் இறங்கும் மூலையையும் பார்க்கச் செய்வது சோதனையின் பாதி. பள்ளத் தளம் முழுவதும் திறக்கப்பட்ட வீட்டில், நிரப்புக்கு முன் பள்ளத்தின் அடியில் ஒருமுறையும், நிரப்பிய பின் மேற்பரப்பில் ஒருமுறையுமாக இந்தப் பூச்சும் சோதனையும் இரண்டு தடவை நிகழ வேண்டும் என்பதால், அட்டவணையில் இன்னும் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வாரத்தைச் சேமிக்க எண்ணுவது மிகப் பெரிய பிழை.

பணம் கொடுக்கும் தவணைகளையும் இத்தகைய கட்டங்களோடு இணைப்பதே சரியானது. கூலி வாரக் கணக்கில் போனாலும், ஒப்பந்தத் தொகையின் பெரும் தவணை ஒன்றை நீர்த்தேக்கச் சோதனை தேறிய நாளில் தருவதாக எழுதிக்கொண்டால், அச்சோதனையை விரைந்து கடந்துவிட வேண்டிய நெருக்கடி யாருக்கும் ஏற்படாது.

டைல்ஸ்: நான்காம் வாரம்

பூச்சின் மேல் பாதுகாப்புக் கலவைத் தளம் இட்டு, அது இறுக 2 அல்லது 3 நாள்கள் விட்டபின் சுவர் டைல்ஸ் தொடங்கும். தேர்ந்த மேஸ்திரிக்குச் சுவருக்கு 3 அல்லது 4 நாள்களும் தரைக்கு ஒரு நாளும் ஆகும். நீரை அதிகம் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸ் வெறும் சிமெண்ட் பாலில் சரியாகப் பிடிக்காது என்பதால் அதற்கு ஒட்டுபசையே ஏற்றது. தரையில் நீர் வடிவதற்கான சரிவை வாட்டம் என்பர். 8 அடி நீளத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குல இறக்கம் இருந்தால் நீர் தேங்காது. 2 அடிக்கு 2 அடி டைல்ஸில் நான்கு திசையிலிருந்தும் துளையை நோக்கி வாட்டம் விடுவதற்கு மூலைவிட்டமாக வெட்ட வேண்டியிருப்பதால், சிறிய அறைக்கு ஓர் அடிச் சதுரமுள்ள சொரசொரப்பான டைல்ஸே பொருத்தம். இடைவெளி நிரப்பும் கிரவுட் இடுமுன், ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பார்க்க வேண்டும். பொக்கென்று ஒலிக்கும் இடத்தில் அடியில் கலவை இல்லை, அதை அன்றே எடுத்து மாற்றுவது எளிது. தரையில் ஒரு குவளை நீர் ஊற்றி அது எப்பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதும் அப்போதே செய்யத்தக்கது. கிரவுட் அடுத்த நாள்.

பொருத்துதலும் நிறைவும்: ஐந்தாம் வாரம்

கதவு, காற்றுப்போக்கி மின்விசிறி, கூரை வண்ணம், பீங்கான்கள், குழாய்கள், கண்ணாடி ஆகியவை 3 அல்லது 4 நாள்களில் முடிந்துவிடும். பீங்கானின் அடிவிளிம்பிலும் தொட்டியின் ஓரத்திலும் இட்ட சிலிக்கான் பசை ஒரு நாளேனும் நீர்படாமல் இருக்க வேண்டும்.

நாள்காட்டியால் நேரும் தாமதங்களும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பூச்சுகள் காய இரு மடங்கு நாள் பிடிப்பதுண்டு. பொங்கலுக்கு உள்ளூர்க் கொத்தனார்களும், ஹோலிக்கும் தீபாவளிக்கும் வட மாநில டைல்ஸ் தொழிலாளர்களும் ஊருக்குச் சென்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ வேலை நிற்கும். ஆகவே தைப் பொங்கல் முடிந்து வெயில் கடுமையாவதற்கு முந்தைய மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை. ஒரே குளியலறை உள்ள வீட்டில் 5 வாரங்களுக்கு மாற்று ஏற்பாடு இன்றித் தொடங்கக் கூடாது. இரண்டு உள்ள வீட்டில் ஒன்று முழுவதும் முடிந்து புழக்கத்துக்கு வந்த பின்னரே மற்றதைத் தொட வேண்டும்.

ஒப்பந்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை, குளியலறையை ஒரு மாதம் அன்றாடம் பயன்படுத்திக் கீழ்வீட்டுக் கூரையை மறுபடியும் பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளலாம். எஞ்சிய டைல்ஸில் ஒரு பெட்டியையும், தயாரிப்பு எண் உள்ள அட்டையையும், குழாய்ப் படங்களையும் ஓரிடத்தில் வைத்திருந்தால் பழுது பார்க்க வருபவருக்கு அவை போதும்.