பாடநூலை எழுதியவரைத் தேடிப் போ

ஜோகூர் பாரு

அன்பு மருமகளுக்கு,

புலனத்தில் நீ அனுப்பிய படம் வந்தது. மேசையின் ஒரு பக்கம் ‘வாடா மலர்’, ‘கவிச்சக்கரவர்த்தி’, அவற்றுக்கான வழிகாட்டி நூல்கள், மலாய் இலக்கியத் தொகுப்பு, ஆங்கில நாவல். மறுபக்கம் உன் ஜப்பானியச் சித்திரக்கதைகள். “இது பள்ளிக்கூடத்துக்கு, இது எனக்கு” என்று கீழே எழுதியிருந்தாய். படிவம் நான்கில் இருக்கும் பிள்ளை அப்படிப் பிரித்துவைப்பது இயல்புதான். ஆனாலும் அந்தப் பிரிவினையால் இழப்பு உனக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வழிகாட்டி நூல்கள் புத்தம் புதிதாக இல்லை, நன்றாகப் புரட்டப்பட்டிருக்கின்றன. நாவல்தான் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் படிக்கிறார்கள். கருப்பொருள், துணைக்கருப்பொருள், பாத்திரப் படைப்பு, உத்திமுறை, படிப்பினை எல்லாம் முதலில் மனப்பாடம். கதை அதற்குப் பிறகு, நேரம் இருந்தால். ஒரு மனிதரைச் சந்திக்கும் முன்பே அவருடைய குணங்களை ஐந்து வரியில் எழுதத் தெரிந்துகொள்கிறாய். பிறகு நாவலைத் திறந்தால் அவர் பேசுவது உன் காதில் விழாது. நீ எழுதப்போகும் விடை மட்டுமே கேட்கும்.

ஆகையால் நான் முதலில் கேட்பது இது. வழிகாட்டி நூலை ஒரு வாரம் அலமாரிக்குள் வை. பென்சில் வேண்டாம், வண்ணக் கோடு வேண்டாம். ‘வாடா மலரை’ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நீ சித்திரக்கதை படிப்பதைப் போலவே கட்டிலில் சாய்ந்துகொண்டு படி. மு. வரதராசனின் நடை எளியது. உன் தமிழுக்கு அது தடை போடாது. யார்மேல் கோபம் வருகிறது, எந்த இடத்தில் சலிப்புத் தட்டுகிறது, ஆசிரியர் எங்கே கதையை நிறுத்திவிட்டு நமக்கு அறிவுரை சொல்லத் தொடங்குகிறார் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள். அவர் அறிவுரை சொல்பவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. உனக்கு அது பிடிக்காமல் போகலாம். பிடிக்கவில்லை என்று ஒரு வாசகியாக உணர்ந்த பிறகு வழிகாட்டியைத் திற. அப்போது அது உனக்கு உதவி செய்யும்.

மு.வ. உனக்குப் புதியவர் அல்லர். தமிழ்ப்பள்ளியில் திருக்குறளுக்குப் பொருள் எழுதினாயே, அவருடைய தெளிவுரையைத்தான் தமிழர் வீடுகளில் பலர் கையில் வைத்திருக்கிறார்கள். 1912இல் பிறந்தவர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து, தாமே தமிழ் படித்துத் தேறி, பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியராகி, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1974இல் மறைந்தார். ‘அகல் விளக்கு’ நாவலுக்கு 1961இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் கல்யாண வீடுகளில் அவர் புத்தகங்களைப் பரிசாகக் கொடுப்பார்கள். ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று கடித வடிவிலேயே நூல்கள் எழுதியவர். ‘தங்கைக்கு’ சிறிய புத்தகம். நாவல் முடிந்ததும் அதைப் படித்துப் பார். அதில் சில கருத்துகள் இன்றைய பெண்ணாகிய உனக்கு ஒத்துவரா. ஒத்துவராத இடங்களில் அவரோடு வாதாடு.

‘கவிச்சக்கரவர்த்தி’யைப் பற்றித்தான் நான் உன்னிடம் அதிகம் பேச விரும்புகிறேன். கம்பரைப் பற்றிய நாடகம். நாடகத்தை மௌனமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். உன் தோழிகள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பங்குபோட்டு உரக்க வாசியுங்கள். எந்த வசனத்தில் குரல் தானாக உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று வாய்க்குத் தெரிந்துவிடும். பாத்திரப் படைப்புக் கேள்விக்கு அதுவே பாதி விடை.

அதை எழுதிய கு. அழகிரிசாமி நம் நாட்டில் வாழ்ந்தவர் என்பது உனக்குத் தெரியுமா? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூரில் 1923இல் பிறந்தவர். கி. ராஜநாராயணனும் அதே ஊர், அதே காலம். இருவரும் இளமை நண்பர்கள். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ஆசிரியர் பணி செய்தார். திருமணமும் மலாயாவில்தான் நடந்தது. இங்கே எழுதத் துடித்துக்கொண்டிருந்த இளைஞர்களை ‘இலக்கிய வட்டம்’ என்ற பெயரில் கூட்டி, கதைகளை வாசித்து அலசும் பழக்கத்தை உண்டாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1950-51இல், அதே நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகை வாங்கிப் படித்தவர்கள் அதே பத்திரிகையில் கதை எழுதப் பழகினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மதிப்பெண் இல்லாமல், ஒரு நாளிதழ் வகுப்பறையாக இருந்த காலம் அது. 1924இல் தொடங்கிய அந்தத் ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. எனக்கு இன்னும் அது மனக்குறைதான்.

தேர்வுத்தாளில் அழகிரிசாமி என்பது ஒரு நாடகத்தின் அட்டையில் இருக்கும் பெயர். நீ அவரைப் பின்தொடர்ந்து வெளியே போ. அவருடைய சிறுகதைகள்தான் அவர் உயரத்தைக் காட்டும். ‘ராஜா வந்திருக்கிறார்’ படி. தீபாவளிக்கு முந்தின இரவு, ஓர் ஏழைக் குடிசை. புதுத்துணி போதாத அந்த வீட்டுக்குள் உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்கு என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. அறிவுரை ஒரு வரிகூட இல்லை. மு.வ.வும் அழகிரிசாமியும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று இந்த ஒரு கதையிலேயே கண்டுகொள்வாய். யார் விளக்கியும் அது இவ்வளவு தெளிவாகாது.

இந்த இலக்கியப் பாடம் உன் கைக்கு வந்த வழியையும் கேள். 2010 முதல் எஸ்பிஎம் தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009இல் அறிவிப்பு வந்தது. கட்டாயப் பாடங்களும் அறிவியல் பாடங்களும் போக, தமிழ்மொழிக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் இடமே இருந்திருக்காது. பெற்றோர், ஆசிரியர், தமிழ் அமைப்புகள் எல்லாரும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு, அதாவது பன்னிரண்டு வரை, அனுமதி கிடைத்தது. உன் அட்டவணையில் பள்ளி நேரத்துக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வகுப்பு அப்படிக் காப்பாற்றப்பட்டது. உன் தோழி கேட்டாளாமே, “இலக்கியம் எடுத்து என்ன ஆகப் போகிறது?” என்று. பல்கலைக்கழக மனுவில் அது எவ்வளவு எடை பெறும் என்று நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மு.வ.வையும் அழகிரிசாமியையும் இரண்டு ஆண்டுகள் கூடவே வைத்திருக்க, பள்ளியை விட்ட பிறகு யாரும் உன்னை வற்புறுத்தப் போவதில்லை. வற்புறுத்தல் இருக்கும்போதே நன்றாகப் பழகிக்கொள்.

மலாய்ப் பாடத்தையும் இதே கண்ணால் பார். 2000ஆம் ஆண்டிலிருந்து மலாய்மொழிப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் இலக்கியப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. உஸ்மான் அவாங் என்ற பெயரைக் கேட்டிருப்பாய். 1929இல் நம் ஜோகூரின் கோத்தா திங்கி வட்டாரத்துக் குவாலா செடிலியில் பிறந்தவர். அதிகம் பள்ளிக்குப் போகாதவர். போலீஸ்காரராக இருந்து, பிறகு பத்திரிகையாளராகி, 1983இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்றார். ஏழை விவசாயியைப் பற்றிய அவருடைய ‘பாக் உத்தி’ கவிதையைத் தேடிப் படி. தாயம்மாள் குடிசையைப் படித்துவிட்டு இதைப் படித்தால், குளுவாங்கில் உட்கார்ந்திருக்கும் உனக்கு இடைசெவலும் செடிலியும் ஒரே தெருவில் இருப்பதாகத் தோன்றும். இரண்டு மொழியையும் அசலிலேயே படிக்க முடிந்த பிள்ளை நீ. தமிழ்நாட்டில் இருக்கும் வாசகிக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஆங்கிலத்தில் கே. எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ படி. 1981இல் வந்த நாவல். கெடாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனின் கதை.

இனி உன் பாட்டியின் பக்கம் வருகிறேன். பாட்டிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் தோட்டத்தில் ஒருவர் ‘தமிழ் முரசு’ வாசிக்க, வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அவருக்கு நினைவிருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் பத்திரிகை ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலாயா முழுவதும் வந்தது. 1950களில் அது ‘மாணவர் மணிமன்றம்’ என்று பிள்ளைகளுக்காகவே பக்கங்கள் ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகிய சிறுவர் சிறுமியர் பலர் பின்னாளில் நம் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் படித்தது பள்ளிக்காகவா, இன்பத்துக்காகவா? அவர்களிடம் கேட்டால் கேள்வியே விளங்காது.

பாட்டியிடம் சயாம் ரயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறாயா? 1942-43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள்; திரும்பாத தமிழர் பல்லாயிரம். உன் வரலாற்றுப் பாடத்தில் அது ஒன்றிரண்டு வரியோடு போய்விடும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் அதை நாவலாகவே சொல்கின்றன. ‘நினைவுச் சின்ன’த்தைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். நடுநடுவே பாட்டி நிறுத்திச் சொல்லப்போகும் விஷயங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள். எந்த நூலகத்திலும் கிடைக்காதது அது.

பள்ளியின் ‘நீலாம்’ வாசிப்புத் திட்டப் பதிவு பற்றியும் கேட்டிருந்தாய். தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் என்று இணையத்தில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், எண்ணிக்கை ஏற ஏறப் பாராட்டு. பிள்ளைகளை நூலகத்துக்குள் கொண்டுவந்த நல்ல திட்டம் அது. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கைக்காகப் பதினாறு பக்கக் குட்டிப் புத்தகங்களையே அடுக்குவது உன் வயதுக்குப் போதாது. பதிவுக்கு அது பதிவு, உனக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள். அதில் சுருக்கம் வேண்டாம், படிப்பினையும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூட முடியாமல் போனது, ஏன் என்பதை மட்டும் எழுது.

சித்திரக்கதைகளை நிறுத்தச் சொல்வேன் என்று பயப்படாதே. அவற்றில் இருக்கும் கதைப்பின்னலை உன்னால் மணிக்கணக்கில் விளக்க முடிகிறது; அத்தியாயம் எங்கே வெட்டப்படுகிறது, எந்தப் பாத்திரம் எப்போது மாறியது என்றெல்லாம் சொல்கிறாய். அதைத்தான் தேர்வில் ‘உத்திமுறை’ என்று கேட்கிறார்கள். அதே கூர்மையை ‘வாடா மலரி’ன் மேலும் காட்டு. உன் அம்மா கல்லூரிக் காலத்தில் ரமணிசந்திரனை விடிய விடியப் படித்தாள். அந்த வேகத்தில்தான் பிறகு ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தையும் முடித்தாள். அதன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளால் பதில் சொல்ல முடிந்தது அதனால்தான். உன் தம்பி இன்னும் தமிழ்ப்பள்ளியில் இருக்கிறான். அவனுக்குக் கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ வாங்கிக் கொடு. நம் நாட்டிலேயே, நம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட மர்மக் கதை. அவனுக்கு அறிவுரை சொல்ல வேண்டிய வேலை உனக்கு இருக்காது.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ தொகுப்பை உன் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் இறந்த 1970ஆம் ஆண்டில் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற தொகுப்பு அதுதான். தலைப்புக் கதையில் வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு மனிதர், அவரை மொய்த்துக்கொண்டு புத்தகம் கேட்கும் பிள்ளைகள், அவர்களில் சாரங்கன் என்று ஒரு பையன். கதையின் கடைசிப் பக்கத்தை நான் சொல்ல மாட்டேன், நீயும் முன்னால் போய்ப் பார்க்காதே. அந்த மனிதர் செய்தது தவறா, இல்லையா? இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அனுப்பு. புலனத்தில் வேண்டாம், தாளில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா