வேப்பஞ்சத்தைப் பிரிக்க நுண்கால்வாய் முறை

வேப்பங்கொட்டையில் பூச்சிகளை உண்ணவும் வளரவும் விடாமல் தடுக்கும் முக்கியப் பொருள் அசாடிராக்டின் ஆகும். ஆலைகளில் இதனைக் கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். திரவத்திலிருந்து திரவத்துக்குச் சத்தை மாற்றும் இவ்வேலையை மயிரிழை போன்ற கால்வாய்களிலும் செய்யலாம். இதன் தத்துவத்தையும், உழவர் தம் அளவில் செய்யத்தக்கதையும் இங்குக் காண்போம்.

இரு திரவங்களின் வேலை

ஹெக்சேன் எண்ணெயை நன்கு கரைக்கும். நீர் கலந்த மெத்தனால் அசாடிராக்டினைக் கரைக்கும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வேப்பஞ்சாற்றுடன் இரண்டையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், எண்ணெய் ஹெக்சேனோடு மேலே நிற்கும். அசாடிராக்டின் கீழேயுள்ள மெத்தனாலில் தங்கும். ஆனால் மிகுதியாகக் குலுக்கினால் கலவை மோர் போலாகித் தெளியாமல் நிற்பதுண்டு.

கால்வாய் ஏன் சிறிதாக வேண்டும்?

திரவங்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பின் வழியாகவே சத்து இடம் மாறுகிறது. 1 லிட்டர் திரவத்தை 0.1 மி.மீ. கனத்தில் பரப்பினால் அது 10 சதுர மீட்டர் இடத்தை மூடும். கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. தூரம் பத்தில் ஒரு பங்கானால், நேரம் நூறில் ஒரு பங்காகிறது. அசையாத நீரில் ஒரு சிறு மூலக்கூறு 1 மி.மீ. பரவ ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும், 0.1 மி.மீ. பரவ 5 வினாடி போதும்.

நுண்கால்வாயில் இரு திரவங்களும் கலங்காமல் பக்கம் பக்கமாக ஓடி, முடிவில் இரு கிளைகளாகப் பிரிகின்றன. எனவே மோர் போலாகும் தொல்லை குறைவு. கரைப்பானும் சிறிதே போதும்.

குறைபாடு

0.1 மி.மீ. அகலமும் ஆழமும் உள்ள கால்வாயில் வினாடிக்கு 1 செ.மீ. வேகத்தில் ஓடும் திரவம் மணிக்கு அரை மில்லி லிட்டருக்கும் குறைவே. மணிக்கு 1 லிட்டர் பெற ஏறத்தாழ 2,800 கால்வாய்கள் வேண்டும். சிறு தூசியும் வழியை அடைத்துவிடும். ஆகவே இது ஆய்வுக்கூடத்துக்கும் விலை உயர்ந்த பொருள்களுக்கும் ஏற்றதேயன்றி, தோட்டத்தில் வாங்கி வைக்கத்தக்கதன்று.

உழவர் செய்ய வேண்டியது

ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும். மெத்தனால் கொடிய நஞ்சு. இவற்றை வீட்டில் கையாளவே கூடாது. உழவருக்கு நீரே போதுமான கரைப்பான்.

1. நிழலில் உலர்த்திய, பூசணம் பிடிக்காத பருப்பு 5 கிலோவை இடித்துக் கொள்ளவும்.
2. 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பால் போல் வெண்மையாகும் வரை மறுநாள் நன்கு கலக்கவும்.
3. இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நீர் சேர்க்கவும்.
4. சோப்புக் கரைசல் கலந்து, அன்றே மாலை வேளையில் தெளிக்கவும்.

பிரித்தெடுப்பில் தொல்லை தரும் சோப்பு இங்கு நன்மை செய்கிறது. எண்ணெயை நீரில் கலக்கச் செய்து, கரைசல் இலையில் படியவும் உதவுகிறது. அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதைவதால் கரைசலைச் சேமித்து வைக்கலாகாது.

பூசணம் பிடித்த கொட்டையில் இல்லாத சத்தை எந்தக் கருவியாலும் எடுக்க இயலாது. ஆகவே கொட்டையைச் சேகரித்து உலர்த்தும்போதே கவனம் செலுத்துவீர்.