கழிமுகங்களை எண்ணெய் மாசிலிருந்து காக்கும் தொழில்நுட்பங்கள்

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்கள் மீன், இறால் குஞ்சுகளின் வளர்ப்பிடமாகும். கப்பலிலிருந்து கசியும் எண்ணெய் இவற்றை அடையுமாயின், அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்த் துளைகளை அடைத்து மரங்களை மாய்த்துவிடும். 2010 ஆகஸ்டு 7-இல் மும்பைத் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதியபோது கசிந்த எண்ணெய் அலையாத்திக் காடுகளிலும் படிந்தது.

ஆழ்கடலுக்கு ஏற்ற முறை கழிமுகத்துக்கு ஏற்றதன்று. எண்ணெயைச் சிதறடிக்கும் இரசாயனத்தைத் தெளித்தால், ஆழ்கடலில் துளிகள் பெருநீரில் கலந்து நீர்த்துவிடும். ஆழமற்ற கழிமுகத்திலோ அவை தங்கி மீன்குஞ்சுகளுக்கு நஞ்சாகும்.

எனவே இங்கு மேற்கொள்ளத்தக்க முறைகள் மூன்று.

முன்னறிதல்: ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கொண்டு எண்ணெய் பரவும் திசையைக் கணினி வழியே கணிக்கின்றது.

தடுத்தல்: அக்கணிப்பின்படி முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்புகளை அமைத்து, தேங்கும் எண்ணெயை இயந்திரத்தால் வழித்தெடுக்கலாம்.

நுண்ணுயிர் முறை: டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்சாப்பர்' என்னும் பாக்டீரியாக் கலவை எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றது. இதற்குப் பல வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகும். ஆகவே அள்ளியபின் எஞ்சும் கசடுக்கே இது பொருந்தும்.

2017 ஜனவரி 28-இல் எண்ணூரருகே நேர்ந்த கப்பல் மோதலுக்குப் பின், கரையொதுங்கிய கெட்டிக் கசடை வாளிகளால் அள்ள நேர்ந்தது. தொழில்நுட்பம் ஆய்வகத்தில் இருத்தல் போதாது. முதல் சில மணி நேரத்திலேயே முகத்துவாரத்தை அடைக்கத்தக்க கருவிகளும், பயிற்சி பெற்ற பணியாளரும் துறைமுகந்தோறும் ஆயத்தமாயிருத்தல் இன்றியமையாததாகும்.