தணிதலும் தணித்தலும்: தஞ்சைப் பெரிய கோயிலை முன்வைத்து ஒரு கலைச்சொல் ஆய்வு

முன்னுரை

காற்றாலும் நிலநடுக்கத்தாலும் கட்டடம் அலைவுறும்போது அவ்வலைவின் ஆற்றலைச் செலவழித்து அடங்கச் செய்யும் பண்பைத் தமிழில் 'தடை' என்றும் 'தணிப்பு' என்றும் வழங்குகிறோம். பள்ளி இயற்பியல் நூல்கள் 'தடையுறு அலைவு' என்கின்றன. இவ்விரு சொற்களுள் கட்டடக்கலைக்குப் பொருந்துவது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தடை என்பது இயக்கத்தை மறிப்பது. தணிவு என்பது இயக்கம் நிகழ்ந்துகொண்டே குறைவது. 'காய்ச்சல் தணிந்தது' என்பது தன்வினை. 'மருந்து காய்ச்சலைத் தணித்தது' என்பது பிறவினை. தியாகராசர் ஆராதனை நிகழும் திருவையாற்றில் இதைச் செவியாலேயே உணரலாம். மீட்டிய தம்புரா நரம்பின் ஒலி மெல்லத் தேய்ந்தடங்குவது தணிதல். நரம்பை விரலால் தொட்டு ஒலியை அடக்குவது தணித்தல். பொறியியலும் பொருளின் இயல்பான தணிவையும் கருவி சேர்த்துப் பெறும் தணிப்பையும் இவ்வாறே பிரித்துக் காண்கிறது.

தணித்தல்: கருவிவழி

தைவானின் தைபே 101 கட்டடத்தில் 660 டன் எடையுள்ள எஃகுக் கோளம் தொங்குகிறது. அதன் ஊசல் கட்டடத்தின் அலைவுக் காலத்தோடு இசைவிக்கப்பட்டுள்ளது. காற்றில் கட்டடம் அசையும்போது கோளம் பின்தங்கி அசைகிறது. அதனோடு இணைந்த நீர்ம உருளைகள் அவ்வாற்றலை வெப்பமாக்குகின்றன. 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் மீளக் கட்டப்பட்ட புஜ் மருத்துவமனை ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகள்மேல் நிற்கிறது. ரப்பர், நில அசைவிலிருந்து கட்டடத்தைப் பிரிக்கிறது. ஈயம் உருக்குலைந்து ஆற்றலை உண்கிறது. எனவே பிரித்தலும் தணித்தலும் வேறு வேறு.

தணிதல்: தஞ்சை விமானம்

1010இல் நிறைவுற்ற இராசராசேச்சரத்து விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. அடிப்பரப்பின் அகலம் அதில் ஏறக்குறையப் பாதி. மேலே செல்லச் செல்லக் குறுகும் இவ்வடிவும் கருங்கல்லின் பெரும் நிறையும் காற்றுக்கு அசைய இடங்கொடுப்பதில்லை. கஜா புயல் (2018) போன்றவற்றைத் தாங்க உதவுவது தணிப்பைவிட நிறையே ஆகும்.

நிலநடுக்கத்தில் நிலைமை வேறு. கற்கள் பெரும்பாலும் சாந்தின்றி அடுக்கப்பட்டிருப்பதால், வலுவான அசைவில் அவை நுண்ணளவில் வழுக்கி உராயும். உராய்வு ஆற்றலை வெப்பமாக்கும். இது பொருளமைப்பில் உள்ள தணிதல். சோழர் பொருத்திய கருவியன்று. 'உலகின் முதல் நிலநடுக்கத் தணிப்பான்' என்னும் புகழுரைக்குச் சான்றில்லை. இந்தியத் தர நிர்ணய வரைபடத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் தஞ்சாவூர் குறைந்த இடருடைய இரண்டாம் மண்டலத்தில் உள்ளது. ஆகவே ஆயிரமாண்டு நிலைத்தமை பெருநடுக்கத்தை வென்றமைக்குச் சான்றாகாது.

சொல்தேர்வின் விளைவு

'தடை' என்னும் சொல்வழிச் சிந்திப்பவர், அசைவை முற்றும் நிறுத்துவதே பாதுகாப்பு எனக் கருதக்கூடும். பழங்கோயில் திருப்பணியில் கல் மூட்டுகளை இறுகிய சிமென்டுக் கலவையால் நிரப்பினால் உராய்ந்து தணியும் வழி அடைபடும்; விசை கல்லின்மேலேயே திரண்டு விரிசலுக்கு இடந்தரும். சொற்பிழை இங்குக் கற்பிழையாக மாறுகிறது.

முடிவுரை

கட்டடவியலில் 'தணிப்பு' என்பதைப் பொதுச்சொல்லாகவும், இயல்பானதைத் 'தணிதல்' எனவும், கருவிவழியதைத் 'தணித்தல்' எனவும், கருவியைத் 'தணிப்பான்' எனவும் வரையறுப்பது தகும். தமிழின் தன்வினை, பிறவினைப் பாகுபாடே இவ்வேறுபாட்டை விளக்கப் போதுமானது. அவ்வரையறை சோழர் கட்டடத்திறனை மிகையின்றி மதிப்பிடவும், அதைச் சிதைக்காமல் பேணவும் துணைசெய்யும்.