ஒலிபெருக்கி ஊமையாவது ஏன்?

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கோ பல்லடத்திற்கோ செல்லும் தனியார் பேருந்துகளில் பாட்டில்லாத பயணம் அரிது. வாடகைக் கார்களும் அப்படியே. அந்தப் பாட்டு திடீரென்று நின்றுவிட்டால், "ஸ்பீக்கர் போயிருச்சுங்க, ஜோடியா மாத்திருங்க" என்னும் தீர்ப்பே பெரும்பாலும் கிடைக்கிறது. வாடகைக் கார் ஓட்டும் என் தந்தைக்கு அது இரண்டு நாள் வருமானம். வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டே அத்தீர்ப்பைச் சோதிக்கலாம் என்பதை மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பை 1925-இல் அமெரிக்காவின் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்தளித்தனர். காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு செப்புச் சுருள். அதனோடு ஒட்டிய கூம்பு. மின்னோட்டம் மாற மாறச் சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பு காற்றை அசைக்கும். அவ்வளவே! ஆகவே கெடக்கூடிய இடங்களும் சிலவே.

முதலில், இடப்பக்க ஒலிபெருக்கியையும் வலப்பக்க ஒலிபெருக்கியையும் இடம் மாற்றி இணைத்துப் பாருங்கள். மௌனம் ஒலிபெருக்கியோடு சென்றால் குறை அதனுடையது. பழைய பக்கத்திலேயே நின்றால் கம்பியிலோ பெட்டியிலோ உள்ளது. அடுத்து, கம்பிகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 4 ஓம் என்று அச்சிட்டதில் மீட்டர் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அஞ்ச வேண்டாம். அச்சிட்டது மாறுதிசை மின்னோட்டத்திற்குரிய மின்மறுப்பு; மீட்டர் அளப்பது நேர்திசை மின்தடை. முள் அசையவே இல்லையெனில் சுருள் அறுந்திருக்கலாம். அல்லது கூம்பிற்குச் செல்லும் பின்னல் கம்பி அறுந்திருக்கலாம். பின்னதைப் பற்றவைத்துவிடலாம்.

மீட்டர் இல்லாதவர்க்கு ஒரு டார்ச் செல் போதும். 1.5 வோல்ட்டை ஒரு கணம் தொட்டெடுத்தால் 'டக்' என்னும் ஒலி கேட்கும். கூம்பை விரல்களால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் சுருள் வளைந்துவிட்டது. அதற்குப் புதியது வாங்க வேண்டிவரலாம். பாலக்காட்டுக் கணவாய்ச் சாரல் கதவுக்குள் இறங்கிக் காகிதக் கூம்பை ஊறவைப்பதும் நம் பக்கத்தில் உண்டு.

என் தந்தையின் காரில் மீட்டர் 3.4 ஓம் காட்டியது. ஒலிபெருக்கிக்கு ஒரு குறையும் இல்லை. கதவுக் கீலருகே மடங்கி மடங்கி நைந்த கம்பிதான் அறுந்திருந்தது!

கம்பியை மீண்டும் இணைக்கையில் முனை மாறக் கூடாது. மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். காரின் உள்ளிடமோ அதனினும் சிறிது. எனவே இரு அலைகளும் ஒன்றையொன்று அழித்து, தவில் ஒலி சன்னமாகிவிடும். இதையும் 'ஸ்பீக்கர் போயிருச்சு' என்றே சொல்வார்கள். இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் தவில் திரும்பிவிடும்.