கொல்லை மீன்குளம்: ஆழம் எத்தனை அடி?

மீன்குளம் வெட்ட வருபவர்கள் குழியின் ஆழத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, சித்திரை வைகாசியில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும் என்பதை. ஐப்பசியில் ததும்பிய குளம் மே மாதம் இரண்டடிக்கு வற்றி, மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பல கொல்லைகளில் பார்த்தாயிற்று.

கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கக் கோடையிலும் நாலடித் தண்ணீர் வேண்டும். குறைந்தால் அடிவரை சுடும், தரையில் வெயில் பட்டுக் களை மண்டும், கொக்கு இறங்கி மேயும்.

கணக்கை அடியிலிருந்து போடுங்கள். தண்ணீர் 4 அடி. சேறு படிய அரை அடி. கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 36 செ.மீ.; அதற்கு ஒன்றேகால் அடி. அடைமழையில் மீன் கரை தாண்டாமலிருக்க, தண்ணீருக்கு மேல் கரை ஒன்றேகால் அடி. மொத்தம் ஏழடி. உடனே ஏழடி தோண்டிவிட வேண்டாம்! ஐந்தடி வெட்டி, அந்த மண்ணையே திமிசுக் கட்டையால் இறுக்கி இரண்டடிக் கரை போட்டால் போதும். வெட்டுக்கூலியும் மிச்சம்.

கசிவுக்காக ஆழத்தைக் கூட்டாதீர்கள், பயனில்லை. ஈரமண்ணை உருட்டி மேலே எறிந்து பிடியுங்கள். உதிர்ந்தால் மணல் அதிகம். களிமண் பூச வேண்டும், இல்லையேல் தார்ப்பாய். தார்ப்பாய் என்றால் கார்த்திகையில் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அது குளத்தடியைவிட மேலே ஏறினால் ஊற்று தார்ப்பாயைத் தூக்கிவிடும். அங்கே குழியைக் குறைத்துக் கரையை உயர்த்துவதே வழி.

பத்தடி தோண்டினால் மீன் பெருக்கும் என்பது வீண் ஆசை. வெளிச்சம் எட்டாத அடித்தண்ணீரில் பிராணவாயு இருக்காது. திடீர்க் கோடைமழையில் அது மேலே கலந்தால் விடிவதற்குள் மீன் செத்து மிதக்கும்.

கரைச்சரிவு, அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி. ஏழடிக்கு இருபுறமும் சேர்த்து 21 அடி சரிவிலேயே போகும். ஆகவே கரைக்குக் கரை 30 அடியாவது வேண்டும். அடியில் ஒன்பதடித் தரை கிடைக்கும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் மண்குளத்தை விட்டுச் செங்கல் தொட்டி கட்டுங்கள்.

குளத்தின் நடுவில் அடிக்கணக்கு எழுதிய மூங்கில் ஒன்றை நட்டு வையுங்கள். தண்ணீர் நாலடிக்கு இறங்கினால் அன்றே மோட்டாரைப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள்; காற்று கலந்து இறங்கும்.