குழாய் புதைக்கும் முன்

அன்புள்ள கயல்விழிக்கு,

கிராம சபையில் பாதாள சாக்கடைத் தீர்மானம் வந்தால், படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாள் முதலே நீ அந்தச் சபையின் உறுப்பினர். கழிவுநீர்க் குழாய்களை 30 ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டு வடிவமைக்கச் சொல்கிறது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு. கைதூக்கும் பெரியவர்களைவிட நீதான் அந்தக் குழாயோடு அதிக காலம் வாழப்போகிறாய். அதனால் ஒப்புதலைச் சடங்காக விட்டுவிடாதே; திட்டத்தின் உயிரே அங்கேதான் முடிவாகிறது.

கணக்கைப் பார். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்பது அந்தக் கையேட்டின் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 432 லிட்டர். நம் ஊரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எழும் நூறு வீட்டு அடுக்குமாடிக்கு 43,200 லிட்டர். 6,000 லிட்டர் கழிவுநீர் லாரி என்றால் தினமும் ஏழு நடைக்கு மேல். அத்தனை லாரிக்கு யார் பணம் கட்டுவார்கள்? சொந்தமாகச் சுத்திகரிக்காத பல கட்டடங்களில் செப்டிக் டேங்கின் கடைசி அறையிலிருந்து ஒரு குழாய் முழங்கை போட்டுத் திரும்பி, மழைநீர் வடிகாலுக்குள் நீட்டியிருக்கும். வடிகால் ஏரிக்குப் போகும்; ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது அந்த ஆறுதான்.

அப்படியானால் பெரிய குழாயாகப் புதைத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. குழாய்க்குள் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு அடியில் தங்காது. நாளைய மக்கள்தொகைக்காக இன்றே அகலக் குழாய் போட்டால், இன்றைய சொற்ப நீர் அதில் ஊர்ந்து போய் அடைத்துக்கொள்ளும். 1858-ல் தேம்ஸ் ஆறு நாறியபின் லண்டனுக்குச் சாக்கடை அமைத்த பசல்ஜெட், பல இடங்களில் முட்டை வடிவக் குழாயைப் பயன்படுத்தினார். அடி குறுகலாக இருந்ததால் கொஞ்ச நீரும் விரைந்தது, மேலே எதிர்காலத்துக்கு இடமும் இருந்தது. எந்தத் தெரு முதலில் நிரம்பும், எது பத்தாண்டு காலியாகக் கிடக்கும் என்பதைப் பொறுத்தே குழாயின் அளவும் கட்டங்களும் அமையும். 'ஊராட்சிக்கு என்ன பொறியியல் தெரியும்?' என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. வாட்டத்தைக் குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர் கணக்கிடட்டும். எந்த மனைப்பிரிவில் வீடுகள் எழுகின்றன, ஐப்பசி மழையில் எந்த முக்கில் முழங்கால் அளவு நிற்கிறது என்பதை வார்டுக்காரர்தான் சொல்ல முடியும்.

'நம் ஊர் எப்படியும் நகராட்சியாகிவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். வடக்கே தாம்பரம் மாநகராட்சியானதும், தெற்கே நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியானதும் 2021-ல்தான். ஆகவே அந்த எதிர்பார்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் உந்து நிலையத்துக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நிலம் வேண்டும். இன்று காலியாக இருக்கும் புறம்போக்கு பெயர்ப்பலகை மாறும்வரை காத்திருக்காது. பக்கத்து ஊர்களோடு எல்லை கடந்து சேரவும் வழி உண்டு: நம் மாவட்டத்திலேயே கருங்குழியும் மதுராந்தகமும் ஒரே கசடு சுத்திகரிப்பு நிலையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

செலவைப் பற்றிய கவலையை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இணைப்புக் கட்டணம் தினக்கூலி வீட்டுக்குப் பெரிய சுமை. தவணை வசதியைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல். அதற்காகத் திட்டத்தைத் தள்ளிப்போட்டால், செப்டிக் தொட்டிக்குள் யாரையாவது பாதுகாப்புக் கருவியின்றி இறக்கும் வழக்கம் தொடரும். 2013 சட்டம் அதைத் தடை செய்தது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தத் தொகையும் அந்த உயிருக்கு ஈடாகாது.

மார்ச் 22 கிராம சபைக்குப் போனால் மட்டம் குறித்த வரைபடத்தைக் கேள். உந்து நிலையம் எந்த சர்வே எண்ணில் வருகிறது, மின்தடையின்போது ஜெனரேட்டர் உண்டா என்று கேள். மோட்டார் நின்றால் கழிவுநீர் மிகத் தாழ்வான மேன்ஹோல் வழியாகத்தான் மேலே பொங்கும். அந்த மேன்ஹோல் யார் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதற்குப் பதில் கிடைத்தபிறகு கைதூக்கு.

அன்புடன்,
உன் பெரியப்பா